அமெரிக்கப் பள்ளிகளில் ‘கிஃப்டட்’ வகுப்பு: யார் தேடுகிறார்கள், யார் அகப்படுகிறார்கள்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகளில், குழந்தை இரண்டாம் வகுப்புக்கு வந்ததுமே ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: “உங்க பொண்ணு கிஃப்டட்ல வந்துட்டாளா?” கிஃப்டட் என்பது, உயர்திறன் உள்ளவர்கள் என்று பள்ளி தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கான தனி ஏற்பாடு. வந்துவிட்டாள் என்றால் வாழ்த்து. வரவில்லை என்றால் பேச்சு மாறும். ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் கேட்கிற அதே தொனி. இன்னொரு பக்கம், வசதியானவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாடு என்று மொத்தமாகத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. வகுப்புக்குள் என்ன நடக்கிறது, பிள்ளைகளை எந்த வழியில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்காமலே இரண்டு தரப்பும் பேசுகின்றன. இதில் தேர்ந்தெடுக்கும் வழிதான் மிக முக்கியம் என்பது என் கருத்து. ஆகவே இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம்.

முதலில், இது எதற்காக?

ஒரு பாட்டு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக ஒருத்தி வந்து சேர்கிறாள். வீட்டில் பாட்டி பாடுவதைக் கேட்டுக் கேட்டே வர்ணம் வரை வந்துவிட்டவள். டீச்சர் அவளையும் சரளி வரிசையில் உட்கார வைக்கிறார். தெரிந்ததுதானே, சேர்ந்து பாடட்டும், அதில் என்ன நஷ்டம் என்று தோன்றும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பாடிக்கொண்டிருப்பாள். வராத ஒன்றோடு மல்லுக்கட்டி, தப்பு விட்டு, திருத்திக் கற்கும் பழக்கம் அவளுக்கு வந்தே இருக்காது.

டீச்சருக்கு இரண்டு வழி இருக்கிறது. கீர்த்தனை பாடும் மூத்த வகுப்புக்கு அவளை அனுப்பிவிடலாம். அல்லது அங்கேயே வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த மோகனத்தையே எடுத்து, நாலு வரி கற்பனை ஸ்வரம் நீயே போட்டுப் பார் என்று சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் முதல் வழிக்குப் பெயர் விரைவுபடுத்தல். அதாவது, மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தருவது. கணக்குக்கு மட்டும் ஒரு வகுப்பு மேலே அனுப்புவது, ஒரு வகுப்பையே தாண்டவிடுவது எல்லாம் இதில் வரும். இரண்டாவது வழிக்குப் பெயர் செறிவூட்டல். அதே பாடத்தை இன்னும் ஆழமாக, அகலமாகத் தருவது. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் கிஃப்டட் திட்டங்களில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இந்தப் பிள்ளைகளை வரையறுக்கும்போது, உயர்ந்த திறனுக்கான அறிகுறி காட்டுபவர்கள் என்பதோடு நிறுத்தவில்லை. அந்தத் திறன் முழுதாக வளர, பள்ளி வழக்கமாகத் தராத சேவைகள் தேவைப்படுபவர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் பேச்சுவாக்கில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வகுப்பில் நடக்கும் பாடத்துக்கும் பிள்ளை நிற்கும் இடத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால், அதை நிரப்பப் பள்ளி செய்யும் ஏற்பாடு இது.

சுருக்கமாக: வகுப்பின் வேகம் பிள்ளைக்குப் பொருந்தாதபோது தருகிற சேவை இது. மேலே ஏற்றுவது விரைவுபடுத்தல்; ஆழமாக இறக்குவது செறிவூட்டல்.

யார் கையில் இருக்கிறது?

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்கள். நம் வருவாய் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பள்ளிகளுக்கென்றே உள்ள தனி நிர்வாகம். பெரும்பாலான இடங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அதை மேற்பார்வை செய்யும்.

1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தது. 1972இல் வந்த மார்லண்ட் அறிக்கை, மாணவர்களில் குறைந்தது 3 முதல் 5 சதவீதம் பேர் இந்த வகையில் இருப்பார்கள் என்றது. 1988இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆய்வுக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் நிதி தருகிறது. ஆனால் மாவட்டங்கள் கிஃப்டட் வகுப்பு நடத்தியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கிடையாது. மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கு 1975 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இதற்கு இல்லை. எல்லாம் மாநிலத்தின் விருப்பம், அதற்குள் மாவட்டத்தின் விருப்பம். அதனால்தான் ஒரு ஊரில் கிஃப்டட் ஆக இருந்த பிள்ளை, அப்பாவின் வேலை மாறி அடுத்த மாநிலத்துக்குப் போனதும் பட்டியலில் இல்லாமல் போகிறது. பிள்ளை மாறவில்லை, விதிதான் மாறியிருக்கிறது.

இரண்டு வாசல்கள்

தேர்வைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் தேர்வு என்பது இரண்டாவது வாசல். முதல் வாசல் பரிந்துரை. ‘இந்தப் பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள்’ என்று வகுப்பாசிரியரோ பெற்றோரோ சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தேர்வு அறை வரை வருவதே இல்லை.

இரண்டாவது வாசலில் இருப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு திறனறித் தேர்வு. அதன் மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஐக்யூ தேர்வில் 130 எடுத்தான் என்றால் 130 கேள்விக்குச் சரியாக விடை எழுதினான் என்று பொருள் இல்லை. அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து இவன் எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று காட்டும் எண் அது. நூறு பிள்ளைகளில் சுமார் இரண்டு பேர்தான் 130ஐத் தொடுவார்கள் அல்லது தாண்டுவார்கள். ஃப்ளோரிடா மாநிலத்தில் வழக்கமான எல்லைக்கோடு இதுதான்.

எந்தத் தேர்விலும் அளவீட்டுப் பிழை உண்டு. இன்று 128 எடுத்த பிள்ளை, நன்றாகத் தூங்கி எழுந்த இன்னொரு நாள் 132 எடுக்கலாம். 129க்கும் 130க்கும் நடுவில் எந்தச் சுவரும் இல்லை. இடங்களும் பணமும் ஒரு அளவுக்குத்தான் இருப்பதால் நிர்வாகம் எங்கோ ஒரு கோடு போடுகிறது, அவ்வளவுதான். கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே நின்ற பிள்ளையைப் பார்த்து, நமக்கு அவ்வளவுதான் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவது அநியாயம். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

சொல் இல்லாத தேர்வுகளும் இருக்கின்றன. நாக்லியேரி தேர்வு அந்த வகை. கட்டங்களுக்குள் வடிவங்கள் வரிசையாக இருக்கும். முதல் வரியில் வட்டம், வட்டத்துக்குள் ஒரு கோடு, வட்டத்துக்குள் இரண்டு கோடு. இரண்டாம் வரியில் சதுரம், சதுரத்துக்குள் ஒரு கோடு, அதற்கடுத்த கட்டம் காலி. அங்கே எது வரும் என்று கீழே உள்ள படங்களிலிருந்து எடுக்க வேண்டும். படித்துப் புரிய வேண்டிய வாக்கியம் இல்லாததால், வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளைக்கும் தமிழ் பேசுகிற பிள்ளைக்கும் ஆங்கிலம் அவ்வளவாகக் குறுக்கே நிற்காது.

சுருக்கமாக: பரிந்துரை முதல் வாசல், தேர்வு இரண்டாவது வாசல். தேர்வின் எண் சக வயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. எல்லைக்கோடு நிர்வாகம் போட்டது.

ப்ரோவர்ட் மாவட்டம் காட்டிய உண்மை

முதல் வாசல் எவ்வளவு குறுகலானது என்பதை ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுன்டி போலத் தெளிவாகக் காட்டிய இடம் வேறு இல்லை. நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று அது. அப்போது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். பாதிக்கு மேல் கறுப்பின, ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழிப் பின்னணி கொண்ட) பிள்ளைகள். ஆனால் 2000களின் நடுவில், மூன்றாம் வகுப்பில் கிஃப்டட் என்று அடையாளம் காணப்பட்டவர்களில் இந்த இரு பிரிவினரும் சேர்ந்து 28 சதவீதம்தான்.

அங்கே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மாற்று விதி ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்கு எல்லை 130 இல்லை, 116. அப்படியும் அவர்கள் வரவில்லை. காரணம் முதல் வாசலில் இருந்தது. வசதியுள்ள பெற்றோர் ஆசிரியரிடம் கேட்பார்கள். மாவட்டத்தின் உளவியலாளரிடம் நேரம் கிடைக்காவிட்டால் பணம் கொடுத்துத் தனியாரிடம் சோதித்து அறிக்கை வாங்கி வருவார்கள். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கும் அம்மாவுக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. வகுப்பாசிரியரின் கண்ணும் பெரும்பாலும் பளிச்சென்று ஆங்கிலம் பேசும் பிள்ளை மீதுதான் போய் நிற்கும்.

2005இல் மாவட்டம் ஒரே ஒரு மாற்றம் செய்தது. இரண்டாம் வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், யாரும் கேட்காமலே, பள்ளி நேரத்திலேயே நாக்லியேரி தேர்வு. அதில் நன்றாகச் செய்தவர்களை மாவட்டத்தின் உளவியலாளர்கள் இலவசமாக ஐக்யூ தேர்வுக்கு அழைத்தார்கள். இதற்கு அனைவருக்குமான முன்சோதனை என்று பெயர். எல்லைக்கோட்டை ஒரு புள்ளிகூடக் கீழே இறக்கவில்லை.

கிஃப்டட் ஆன ஹிஸ்பானிக் பிள்ளைகளின் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 6 ஆயிற்று. கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 1 சதவீதத்திலிருந்து 3. வெள்ளையினப் பிள்ளைகளிலும் 6 சதவீதம் 8 ஆயிற்று. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இந்தத் தரவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். கார்டுக்கு 2021இல், வேறு பணிக்காக, நோபல் பரிசு கிடைத்தது. புதிதாக வந்த பிள்ளைகள் எல்லாம் கோட்டை உரசிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் இல்லை, பலர் அதற்கு நன்றாகவே மேலே இருந்தார்கள் என்றும் அவர்கள் காட்டினார்கள். அத்தனை வருடங்களாக அந்தப் பிள்ளைகள் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

பிறகு பொருளாதார மந்தநிலை வந்தது. செலவைக் குறைக்க மாவட்டம் 2010இல் அந்த முன்சோதனையை நிறுத்தியது. இடைவெளி பழையபடியே திரும்பி வந்துவிட்டது. ‘திறமை இருந்தால் தானே வெளியே தெரியும்’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு ஞாபகம் வருவது இந்த ஒரு வருடம்தான்.

யாரோடு ஒப்பிடுவது?

அடுத்த விவாதம், ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை நாடு முழுவதும் உள்ள பிள்ளைகளோடு ஒப்பிடுவதா, அதே போன்ற பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளோடு ஒப்பிடுவதா என்பது. இரண்டாவது முறைக்கு உள்ளூர் ஒப்பீடு என்று பெயர். மேரிலாந்தின் மான்ட்கமரி கவுன்டி இந்தத் திசையில் நகர்ந்தது. பிள்ளையின் பள்ளியில் அவரோடு ஒத்த திறனுள்ள சக மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆசிய அமெரிக்கப் பெற்றோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். நம் வீடுகளிலும் இதைப் பற்றிக் கோபம் உண்டு. கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சேவை எதற்கு என்ற முதல் கேள்விக்குத் திரும்பினால், சுற்றிலும் நிகரான துணை இல்லாமல் தனியாக நிற்கும் பிள்ளைக்குத்தான் தனி ஏற்பாடு கூடுதலாகத் தேவை. தன்னைப் போன்ற முப்பது பேர் இருக்கும் பள்ளியில், ஆசிரியர் அந்தப் பள்ளியிலேயே ஒரு வகுப்பு அமைத்துவிடலாம்.

நியூயார்க் நகரம் இன்னொரு கோடிக்குப் போனது. பல வருடங்கள் நான்கு வயதுக் குழந்தைகளைச் சோதித்து, மழலை வகுப்பிலேயே பிரித்தது. அந்தத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அதன் பிறகு ஆசிரியர் பரிந்துரையும் குலுக்கலும் வந்தன. நான்கு வயதில் ஒரு மணி நேரம் அந்நியர் எதிரில் அமைதியாக உட்காருவது எதை அளக்கிறது என்பதில் எனக்குக் கடைசி வரை தெளிவில்லை. ஆனால் பரிந்துரைக்குத் திரும்புவது ப்ரோவர்டின் பழைய வாசலுக்கே திரும்புவது போலவும் இருக்கிறது.

வகுப்புக்குள் என்ன நடக்கும்?

வடிவங்கள் பலவகை. வாரத்தில் சில மணி நேரம் தனி ஆசிரியரிடம் அனுப்புவது, ஒரே வகுப்புக்குள் சிறு குழுவாக வைப்பது, முழுநேரத் தனி வகுப்பு என்று. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி இதை நான்கு படிகளாக வைத்திருக்கிறது. முதல் படி எல்லாப் பிள்ளைகளுக்கும், நான்காம் படி முழுநேர வகுப்பு. நல்ல அமைப்பு என்பேன். உள்ளே, வெளியே என்ற ஒற்றைக் கதவாக அது நிற்பதில்லை.

செறிவூட்டல் என்றால் கூடுதல் ஒர்க்‌ஷீட் என்று நினைப்பவர்கள் அதிகம். இருபது கணக்கை முடித்தவனுக்கு இன்னும் இருபது கொடுப்பது தண்டனை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சுல்லி 1970களிலிருந்து வலியுறுத்தி வந்த முறை வேறு. அதன் ஒரு பகுதிக்குப் பாடச் சுருக்கம் என்று பெயர். தெரிந்ததைத் திரும்பக் கற்பிக்காமல், அந்த நேரத்தை மிச்சப்படுத்துவது.

ஐந்தாம் வகுப்புப் பின்னங்களை எடுத்துக்கொள்வோம். பாடம் தொடங்கும் முன்பே, பாடத்தின் முடிவில் தரும் தேர்வை ஆசிரியர் தந்துவிடுகிறார். ஒரு சிறுமி எல்லாம் சரியாகச் செய்கிறாள். கலப்புப் பின்னத்தைக் கழிப்பதில் மட்டும் தப்பு. அந்தப் பகுதி நடக்கும் நாட்களில் அவள் வகுப்போடு உட்காருவாள். மற்ற நாட்கள் அவளுக்கு மிச்சம். அந்த நாட்களில் ஆசிரியர் ஒரு கதையும் ஒரு கேள்வியும் தருகிறார். பழைய எகிப்தியர் பெரும்பாலும் மேலே 1 உள்ள பின்னங்களைத்தான் எழுதினார்கள். 2/5 என்பதை 1/3 + 1/15 என்றார்கள். 2/7 என்பதை 1/4 + 1/28 என்றார்கள். அப்படியானால் 2/9? 2/11? எல்லாப் பின்னத்தையும், எதுவும் இரண்டு முறை வராமல், இப்படி உடைக்க முடியுமா?

ஆறாம் வகுப்புப் பாடம் எதுவும் இதில் இல்லை. அதே ஐந்தாம் வகுப்புப் பின்னம்தான். ஆனால் அவள் ஊகிக்க வேண்டும், உடைத்துப் பார்க்க வேண்டும், ஏன் வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளையானால் தாத்தாவிடம் கேட்டு, இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என்று நம் பின்னங்களையும் வகுப்புக்கு எடுத்துப் போகலாம். ஒவ்வொன்றும் முந்தையதில் கால் பங்கு என்று அவளே கண்டுபிடிக்கும் நிமிடத்துக்காகத்தான் இந்த வகுப்பு.

திறமை என்பதை ரென்சுல்லி மூன்று வளையங்களாகப் பார்த்தார். சராசரிக்கு மேற்பட்ட திறன், எடுத்ததை விடாத ஈடுபாடு, படைப்பாற்றல். மூன்றும் சந்திக்கும் இடம்தான் முக்கியம். ஐக்யூ தேர்வு முதல் வளையத்தைத்தான் தொடுகிறது. கற்றலில் குறைபாடும் உயர்திறனும் ஒருசேர உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். எழுத்துகளைக் கோத்துப் படிக்கத் திணறுகிற ஒரு சிறுவன் சதுரங்கத்தில் பெரியவர்களைத் தோற்கடிப்பான். அவனுடைய திறன் குறையை மறைக்கும், குறை திறனை மறைக்கும். ஆசிரியருக்கு அவன் ‘சுமாரான பையன்’ என்றே தெரிவான்.

சுருக்கமாக: தெரிந்ததை முன்தேர்வால் கண்டுபிடித்து விலக்குவது பாடச் சுருக்கம். மிஞ்சிய நேரத்தில் ஆழமான வேலை தருவது செறிவூட்டல்.

பலன் உண்டா?

நேர்மையான பதில்: யாருக்கு என்பதைப் பொறுத்தது. ப்ரோவர்டில் ஒரு விதி இருந்தது. ஒரு பள்ளியின் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு கிஃப்டட் பிள்ளை இருந்தாலும் தனி வகுப்பு அமைக்க வேண்டும். மீதி இடங்களை, ஐக்யூ கோட்டைத் தாண்டாவிட்டாலும் முந்தைய வருடத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். கார்டும் ஜூலியானோவும் இதையும் ஆராய்ந்தார்கள். 130 எடுத்து வந்த பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் மீதி இடங்களில் வந்த கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் பெரிய அளவில் முன்னேறினார்கள். நூறு பேர் வரிசையில் ஐம்பதாவதாக நிற்கும் பிள்ளை சுமார் எழுபதாவது இடத்துக்கு ஏறுவதற்குச் சமமான முன்னேற்றம் அது. வழக்கமான வகுப்பிலேயே தங்கிவிட்டவர்களுக்கு இதனால் பாதகம் எதுவும் தென்படவில்லை.

ஆசிரியர்களின் குறைந்த எதிர்பார்ப்பும் சக மாணவர்களின் அழுத்தமும் வழக்கமான வகுப்பில் அந்தப் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். கோட்டுக்குக் கீழே நின்றவர்கள்தான் அதிகம் பெற்றார்கள் என்பதைத் திட்டம் வகுப்பவர்கள் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

நம் வீடுகளுக்கு

திறனறித் தேர்வுக்கென்றே பயிற்சிப் புத்தகங்கள் விற்கிறார்கள், கோச்சிங் நடத்துகிறார்கள். கேள்வியின் வடிவம் தெரியாமல் பிள்ளை திகைக்கக் கூடாது என்று ஒரு மாதிரித்தாளைக் காட்டுவதில் தவறில்லை. ஆறு வயதுப் பிள்ளையை மாதக்கணக்கில் அந்த வடிவங்களுக்குப் பழக்குவதை நான் எதிர்க்கிறேன். மதிப்பெண் ஏறும், பிள்ளைக்கும் வகுப்புக்கும் உள்ள உண்மையான இடைவெளி ஏறாது. பிறகு அந்த வகுப்பின் வேகத்துக்கு ஓட முடியாமல் தினமும் திணறப்போவது அந்தக் குழந்தை.

அதற்குச் செலவிடும் நேரத்தில் பள்ளியிடம் சில கேள்விகள் கேட்கலாம். முன்சோதனை எல்லாப் பிள்ளைகளுக்குமா, பரிந்துரை வந்தவர்களுக்கு மட்டுமா? எந்த வகுப்பில் நடக்கிறது? ஒப்பீடு நாட்டளவிலா, உள்ளூரிலா? கணக்கில் மட்டும் முன்னே இருக்கும் பிள்ளைக்குக் கணக்கில் மட்டும் சேவை உண்டா? முடிவை எதிர்த்து முறையிட என்ன வழி, கடைசி நாள் எது? அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்களா? இவற்றுக்கான பதில்கள் பெரும்பாலும் மாவட்டத்தின் இணையதளத்திலேயே இருக்கும். அங்கே இல்லாவிட்டால் பள்ளி ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். இந்த வாசல் இருப்பதே தெரியாத பக்கத்து வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அப்புறம், வகுப்பாசிரியரைச் சந்திக்கும் நாளில், அடுத்த பாடத்தின் தேர்வை முன்கூட்டியே என் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அதைக் கேட்க எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டியதில்லை.